யாரும் எடுக்காத போன்: ஒரு காலப்பயண நாவலும் அதன் வாசகர்களும்

ஒரே புத்தகத்தை நாலு பேர் படித்தோம். ஒருவர் பாதியில் மூடிவைத்தார். ஒருவர் கடைசி நூறு பக்கத்தை ஒரே இரவில் முடித்துவிட்டு மறுநாள் வேலைக்கு லேட்டாகப் போனார். ஒருவர் பென்சிலால் பக்க ஓரமெல்லாம் எழுதிவைத்தார். நான் இதை இரண்டாம் தடவையாகப் படித்தேன். முதல் தடவை எனக்கும் பாதிதான் ஓடியது.

புத்தகம், கானி வில்லிஸ் எழுதி 1992-ல் வந்த 'டூம்ஸ்டே புக்'. அறிவியல் புனைவுக்கான இரண்டு பெரிய விருதுகளான ஹியூகோ, நெபுலா இரண்டுமே இதற்குக் கிடைத்தன. ஹியூகோவை மட்டும் வெர்னர் விஞ்சியின் நாவலோடு பங்குபோட்டுக்கொண்டது. விருதுக் கணக்கைப் பார்த்தால் இது சந்தேகமில்லாத வெற்றி. வாசகர்களைக் கேட்டால் கதை வேறு. முப்பது வருடத்துக்கு மேலாக இந்த நாவலைச் சுற்றி ஒரே சண்டைதான் நடக்கிறது: படிக்கவே முடியாத இழுவை என்று ஒரு பக்கம், நான் படித்ததிலேயே என்னை அதிகம் உடைத்த கதை என்று மறுபக்கம். வேடிக்கை என்னவென்றால், பல நேரம் இரண்டையும் ஒரே ஆளே சொல்கிறார். அது எப்படி என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். படிக்கும் எண்ணம் இருப்பவர்கள் படித்துவிட்டு வாருங்கள்.

கதை சுருக்கமாக இது. 2054-ஆம் ஆண்டின் கடைசி, கிறிஸ்துமஸ் நேரம், ஆக்ஸ்ஃபோர்டு நகரம். அங்கே வரலாற்றுத் துறை ஆய்வாளர்கள் காலத்தில் பின்னோக்கிப் போய் நேரில் பார்த்துவிட்டு வருவார்கள். கிவ்ரின் என்ற மாணவியை 1320-க்கு அனுப்புகிறார்கள். இடைக்காலத்துக்கு இதுவரை யாரும் போனதில்லை. ஆபத்துக் கணக்கில் அந்த நூற்றாண்டுக்கு உச்ச மதிப்பெண். துறைத்தலைவர் பாசிங்கேம் விடுமுறைக்கு மீன்பிடிக்கப் போன நேரம் பார்த்து, பொறுப்பில் இருக்கும் கில்கிறிஸ்ட் அவசர அவசரமாக அனுப்பிவைக்கிறார். கிவ்ரினுக்குப் பாடம் சொன்ன டன்வொர்தி என்ற பேராசிரியர் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று அடித்துக்கொள்கிறார். இயந்திரத்தை இயக்கிய பத்ரி, ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று சொல்ல ஓடிவந்து, முழுதாகச் சொல்வதற்குள் காய்ச்சலில் சுருண்டு விழுகிறார். நகரத்தில் புதுவகை இன்ஃபுளுவென்சா. உள்ளே யாரும் வரக்கூடாது, வெளியே யாரும் போகக்கூடாது. கிவ்ரினோ 1320-ல் இறங்கவில்லை. காய்ச்சலோடு பத்ரி போட்ட கணக்கு பிசகி, 1348-ல் இறங்கியிருக்கிறாள். இங்கிலாந்துக்குள் பிளேக் நுழைந்த வருடம்.

அதற்குப்பின் ஒரு அத்தியாயம் இங்கே, ஒரு அத்தியாயம் அங்கே என்று கதை மாறி மாறிப் போகிறது.

முதல் ஏமாற்றம்: நகரம் எங்கே?

பழைய நகரத்தைப் பார்க்கலாம் என்ற ஆசையோடு காலப்பயண நாவலை எடுப்பவர்கள் உண்டு. இடிந்த சுவர் எழுந்து நிற்கும், மூடிக்கிடக்கும் தெருவில் வண்டி ஓடும், நமக்குத் தெரிந்த கட்டடம் அப்போது பாதிதான் கட்டியிருக்கும். அந்த ஆசையோடு வருபவர்களுக்கு இந்த நாவல் முதல் அடியைக் கொடுக்கிறது. கிவ்ரின் கடைசிவரை பழைய ஆக்ஸ்ஃபோர்டுக்குள் கால் வைக்கவே மாட்டாள். பக்கத்தில் ஒரு சின்னக் கிராமம், ஒரு பண்ணைவீடு, ஒரு தேவாலயம். அவ்வளவுதான் அவளுடைய பதினான்காம் நூற்றாண்டு.

எங்களில் பென்சில் பிடித்தவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அவருடைய முதல் குறிப்பே இதுதான். "ஆக்ஸ்ஃபோர்டுனு சொல்லிக் கூட்டிட்டு வந்து ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க" என்றார். அவர் எதிர்பார்த்ததில் நியாயம் இருக்கிறது. பாலியல், மெர்ட்டன் கல்லூரிகள் 1260-களிலேயே தொடங்கியவை. கில்கிறிஸ்ட் உட்கார்ந்து அதிகாரம் செய்யும் பிரேஸ்நோஸ் கல்லூரி 1509-ல்தான் வந்தது. ஆக, கிவ்ரினை அனுப்பிவைக்கும் கல்லூரியே அவள் போய்ச் சேரும் காலத்தில் கிடையாது. இதை வைத்து மட்டும் ஒரு எழுத்தாளர் நாலு அத்தியாயம் விளையாடியிருக்கலாம்.

வில்லிஸ் விளையாடவில்லை. அவர் நகரத்தைக் கண்ணால் காட்டாமல் காதால் காட்டுகிறார் என்பது எனக்கு இரண்டாம் வாசிப்பில்தான் உறைத்தது. ஆக்ஸ்ஃபோர்டு மணிகளின் ஊர். கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் 'கிரேட் டாம்' இன்றும் இரவு ஒன்பது ஐந்துக்கு 101 முறை அடிக்கிறது. ஊரின் பழைய நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்து நிமிடம் பின்னால் என்பதால் அவர்கள் கணக்கில் அதுதான் ஒன்பது மணி. நாவலில் எதிர்கால ஊரில் கிறிஸ்துமஸ் மணிச்சத்தம் ஓயாது. ஊரடைப்பில் மாட்டிக்கொண்ட அமெரிக்க மணியடிக்கும் குழு ஒன்று எந்நேரமும் ஒத்திகை பார்த்து உயிரை எடுக்கும். அந்தப் பக்கம் கிவ்ரின், சுற்றுவட்டாரத்துக் கிராமங்களின் மணியைத் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இது எந்தத் திசை, யாருக்குச் சாவு என்று கணக்குப் போடுகிறாள். அப்புறம் அந்த மணிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. அடிப்பதற்கு ஆள் இல்லை. எந்தப் பிணத்தையும் காட்டாமல் ஒரு வட்டாரமே காலியாவதை இதைவிடச் சிக்கனமாக எழுதிப் பார்த்ததில்லை.

இதை ஆசிரியரிடம் சொன்னேன். "சரி, அது நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஊர் வேணும்" என்றார்.

போன் பிரச்சினை

இந்த நாவலைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் பத்து நிமிடத்துக்குள் இது வந்துவிடும். 2054-ல் காலத்தில் பயணம் செய்யும் இயந்திரம் இருக்கிறது. ஆனால் ஒருவர் கையிலும் மொபைல் இல்லை. முகம் தெரியும் போன் உண்டு, ஆனால் அது சுவரோடும் மேஜையோடும் ஒட்டிக்கிடக்கிறது. பாசிங்கேமைத் தேடி ஸ்காட்லாந்து முழுக்க டன்வொர்தி போன் போடுகிறார். லைன் கிடைக்கவில்லை. கிடைத்தால் எடுப்பதில்லை. எடுத்தால் அவர் அங்கே இல்லை. டன்வொர்தி அறையை விட்டு நகர்ந்தால் அந்த நேரம் பார்த்துப் போன் வருகிறது. இதுவே நூற்றுக்கணக்கான பக்கம்.

எங்கள் குழுவில் பாதியில் மூடியவர் மென்பொருள் வேலை பார்க்கும் தம்பி. "அண்ணே, ஒரு மிஸ்டு கால் வசதி இருந்திருந்தா இந்த நாவல் நூறு பக்கத்துல முடிஞ்சிருக்கும்" என்று அனுப்பியதுதான் அவருடைய விமர்சனம்.

நாவலுக்கு ஆதரவானவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம், "1992-ல் எழுதியது, பாவம், அவருக்கு எப்படித் தெரியும்" என்பது. இந்தச் சமாதானம் நிற்காது. பிரிட்டனில் மொபைல் சேவை 1985 ஜனவரியிலேயே வந்துவிட்டது. இன்னும் குறும்பாகச் சொன்னால், உலகின் முதல் குறுஞ்செய்தி பிரிட்டனில் அனுப்பப்பட்டது, 1992 டிசம்பர் 3-ல். செய்தி, "மெரி கிறிஸ்துமஸ்." கிறிஸ்துமஸ் நேரத்து இங்கிலாந்தில் யாரும் யாரையும் போனில் பிடிக்க முடியாத ஒரு நாவல் வந்த அதே வருடம்! எழுத்தாளருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது. அவருக்கு அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

ஏன் தேவைப்படவில்லை என்ற இடத்தில்தான் நான் பெரும்பாலான வாசகர்களோடு பிரிகிறேன்.

போன் அத்தியாயங்களைத் திட்டுபவர்கள் அதே மூச்சில் 1348 அத்தியாயங்களைப் புகழ்வார்கள். அங்கே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். கிவ்ரின் வந்து விழும்போதே காய்ச்சல். எந்த இடத்தில் இறங்கினோம் என்று அவளுக்குத் தெரியாது. அந்த இடம் தெரியாவிட்டால் திரும்பிப் போக முடியாது. அந்த வீட்டுக்கு வேலைசெய்யும் காவின் என்ற வீரனுக்குத்தான் அது தெரியும் என்று நினைக்கிறாள். அவனிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசவேண்டும். பேச முடிகிறதா? அவன் குதிரையேறிப் போய்விடுகிறான். திரும்பி வருகிறான், கூட ஆள் இருக்கிறது. இவள் வெளியே வருவதற்குள் மறுபடி போய்விட்டான். வீட்டுக்காரியின் மாமியார்க் கிழவி இமேன் குறுக்கே நிற்கிறாள். குழந்தை ஆக்னஸ் நாய்க்குட்டியைக் காட்ட இழுத்துக்கொண்டு போகிறாள். பாசிங்கேமுக்குப் பதில் காவின், போனுக்குப் பதில் குதிரை. மற்றபடி அதே கதைதான். ஒன்றை இழுவை என்கிறோம், மற்றொன்றைப் பதற்றம் என்கிறோம். குதிரை என்றால் பொறுத்துக்கொள்கிறோம், போன் என்றால் நமக்குக் கை அரிக்கிறது.

இரண்டு பக்கமும் ஒரே அச்சு என்று பார்த்துவிட்டால் மூன்றாவதும் தெரியும். கிவ்ரினின் மணிக்கட்டுக்குள் ஒரு ஒலிப்பதிவுக் கருவியைப் பதித்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு பேசினால் பதிவாகும். பார்ப்பவர்களுக்கு அவள் ஜெபம் செய்வதுபோல் இருக்கும். தன் பதிவுகளுக்கு அவளே வைத்துக்கொண்ட பெயர்தான் நாவலின் தலைப்பு. 1086-ல் முதலாம் வில்லியம் அரசர் நாடு முழுக்க நிலமும் மாடும் மனிதரும் எண்ணச்சொல்லி எழுதிய கணக்குப் புத்தகத்தின் பெயரை ஒட்டியது. முதலில் சாப்பாடு, உடை, பேச்சு என்று ஒழுங்காக ஆய்வுக்குறிப்பு சொல்கிறாள். போகப்போக அது டன்வொர்திக்குப் பேசுவதாக ஆகிறது. பிறகு, எங்கே இருக்கிறீர்கள், ஏன் வரவில்லை என்று கேட்பதாக ஆகிறது. பக்கத்தில் ரோஷ் பாதிரியார் முழங்காலிட்டு நிஜமாகவே ஜெபம் செய்கிறார். அவருக்கும் பதில் வரவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் ஒருவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கிராமத்தில் ஒருத்தி கைகூப்பிக்கொண்டு, தேவாலயத்தில் ஒருவர் வானத்தைப் பார்த்து. மூன்று பேரும் செய்வது ஒன்றுதான், மறுமுனையில் ஆள் இல்லாமல் பேசுவது. இதில் டன்வொர்தி கையில் ஒரு மொபைலைக் கொடுத்தால் கதை சுருங்குவது மட்டுமா நடக்கும்? மூன்று காலில் ஒரு கால் உடைந்துவிடும்.

இதைச் சொல்வதால் போன் அத்தியாயங்கள் எல்லாம் தங்கம் என்று நான் வாதாட வரவில்லை. அளவு மீறிவிட்டது என்பது என் கருத்தும்கூட. ஐந்து முறை லைன் கிடைக்காவிட்டால் நமக்குப் புரிந்துவிடும். பத்தாவது முறை எழுத்தாளர் நம்மை நம்பவில்லை என்று தோன்றுகிறது. மகனைத் தேடிவந்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பைபிளின் பயங்கரமான பகுதிகளாகப் பார்த்து வாசித்துக் காட்டும் திருமதி காட்சன் முதல் தடவை சிரிப்பு, நாலாம் தடவை அவரைப் பார்த்தாலே ஒளியத் தோன்றும். குறை இருப்பது கருவியில் அல்ல, எண்ணிக்கையில்.

2020-க்குப் பிறகு

எங்கள் நாலாவது ஆள் செவிலியர். நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவோம். போன் பற்றித் தம்பி கிண்டலடித்துக்கொண்டிருந்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் பேசி முடித்தபிறகு மெதுவாகச் சொன்னார்: "வார்டுல எங்க எல்லார் கையிலயும் போன் இருந்துச்சு தம்பி. வெளிய இருந்து அடிச்சுக்கிட்டே இருப்பாங்க. எடுக்கத்தான் ஆள் இல்ல. கவசத்தைப் போட்டுட்டா ஆறு மணிநேரம் போனைத் தொட முடியாது. பெட் பக்கத்துல நோயாளியோட போன் அது பாட்டுக்கு அடிக்கும், நின்னுபோகும், அடிக்கும்."

அதற்குமேல் அந்தச் சண்டையை யாரும் தொடரவில்லை.

பெருந்தொற்றுக்குப் பிறகு இந்த நாவலைப் பற்றிய வாசகர் கருத்தின் தொனியே மாறியிருக்கிறது. முன்பு நம்பமுடியாத கேலிக்கூத்தாகத் தெரிந்தவை அப்படியே நிஜம்போல் தெரிந்தன. டன்வொர்தியின் உதவியாளர் ஃபிஞ்ச், உலகம் அழியப்போகிற நேரத்தில் கழிப்பறைக் காகிதம் தீர்ந்துபோகும் என்று பக்கத்துக்குப் பக்கம் வந்து நிற்பார். 2020 மார்ச்சில் பல நாடுகளில் கடை அலமாரிகளில் முதலில் காலியானது எது என்று நினைத்துப் பாருங்கள். நோய்க்கு வெளிநாட்டாரைக் குறைசொல்லும் கூட்டம், ஊரடைப்பு தன் உரிமையைப் பறிக்கிறது என்று கத்தும் விருந்தினர், தன் பதவிக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகவே இயந்திரத்தை நிறுத்திவைக்கும் அதிகாரி, எல்லாம் அதில் இருக்கிறது. நாவலின் உலகில் அதற்கு முன்பே ஒரு பெருந்தொற்று வந்துபோயிருக்கிறது. அதனால்தான் ஊரை மூடு என்றதும் மூட அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் வாசிப்பில் நான் கவனிக்காமலே தாண்டிப்போன வரி அது.

மொபைலைத் தவறவிட்டவர் மனிதர்களைத் தவறவிடவில்லை. ஆனால் இதை வைத்து அவரைத் தீர்க்கதரிசி என்று சிலர் கொண்டாடுவதும் எனக்கு ஒப்பவில்லை. அவர் எதிர்காலத்தை ஊகிக்கவில்லை. பழைய கொள்ளைநோய்க் காலங்களில் மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று படித்து, அதை முன்னால் தூக்கிப் போட்டிருக்கிறார். அதில் எதுவும் பழசாகவில்லை என்பதுதான் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது.

தவறு கண்டுபிடிப்பவர்கள்

வரலாற்றுப் புனைவு வாசகர்களில் ஒரு பிரிவினர் தவறு தேடியே படிப்பார்கள். இழிவாகச் சொல்லவில்லை, நானும் அந்த ஜாதிதான். இந்த நாவலில் அவர்களுக்குப் பெரிய வேட்டை கிடைக்கவில்லை. 1348-ன் பண்ணைவீடு எப்படி இருந்தது என்று நம்மில் யாருக்குத் தெரியும்? இதே காலப்பயணத் துறையை வைத்து வில்லிஸ் 2010-ல் எழுதிய, இரண்டாம் உலகப்போர்க் கால லண்டன் பற்றிய இரட்டை நாவலுக்கு நடந்ததைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். 1940 லண்டன் சுரங்க ரயிலில் ஜூபிலி லைன் வருகிறது. அது திறந்ததே 1979-ல். பிரிட்டிஷ் வாசகர்கள் விடவில்லை. அந்த லைனில் தினமும் போகிறவர்கள் ஆயிற்றே. அந்த நாவலுக்கும் ஹியூகோவும் நெபுலாவும் கிடைத்தன என்பது வேறு விஷயம்.

ஆசிரியரின் பென்சில் குறிப்புகளில் எனக்குப் பிடித்தது மொழி பற்றியது. கிவ்ரின் இடைக்கால ஆங்கிலம் படித்துவிட்டு, மொழிபெயர்ப்புக் கருவியும் வைத்துக்கொண்டுதான் போகிறாள். போய் இறங்கினால் ஒரு வார்த்தை புரியவில்லை. அவர்கள் பேசுவதும் இவளுக்குப் புரியவில்லை, இவள் பேசுவதும் அவர்களுக்குப் புரியவில்லை. கருவி கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டபிறகுதான் மெல்ல வழிக்கு வருகிறது. ஆசிரியர் ஓரத்தில் எழுதியிருந்தார்: "தேவாரம் முழுக்க மனப்பாடமாகத் தெரிந்தவரை அப்பர் காலத்துச் சந்தையில் இறக்கிவிட்டால் கத்தரிக்காய் விலை கேட்க முடியுமா?" காலப்பயணக் கதைகள் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போகும் இடம் இது. இறங்கியவுடன் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

அவருடைய குறை இமேன் பாத்திரத்தின்மீது. கொடுமைக்கார மாமியார் என்ற அச்சிலிருந்து அவள் நகரவே இல்லை என்றார். ஒப்புக்கொள்கிறேன். ரோஷ் பாதிரியாருக்கு லத்தீன் சரியாக வராது, ஜெபத்தைத் தப்பாகச் சொல்கிறார் என்று அவரை மட்டம் தட்டுவதைத் தவிர அவளுக்கு நாவலில் வேலை இல்லை. ஆனால் அவளை அப்படிச் சப்பையாக வைத்ததால்தான் ரோஷ் அவ்வளவு உயரமாகத் தெரிகிறாரோ என்றும் ஒரு சந்தேகம்.

கடைசி நூறு பக்கம்

இதைப் பற்றிச் சண்டையே இல்லை. பாதியில் விடாமல் வந்தவர்கள் எல்லோரும் இங்கே ஒரே கட்சி.

அதுவரை சின்னச் சின்னத் தொல்லைகளாக வந்த மனிதர்கள் சாகத் தொடங்குகிறார்கள். அக்குளில் நெறி கட்டுகிறது, ஜுரத்தில் பிதற்றுகிறார்கள். கிவ்ரினுக்குத் தடுப்பூசி போட்டு அனுப்பியிருப்பதால் அவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. அதுதான் தண்டனை. அவளுக்கு வரலாறு தெரியும். ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை செத்தார்கள் என்று படித்திருக்கிறாள். அப்படியானால் இந்தக் கிராமத்தில் பாதிப்பேராவது பிழைக்கவேண்டும் இல்லையா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆக்னஸ் போகிறாள். அவளுடைய அக்கா ரோஸ்மண்ட் பிழைத்துக்கொண்டாள் என்று நாம் மூச்சு விடும்போது அவளும் போகிறாள். ஊரில் ஒருவர் மிச்சமில்லை. சராசரி என்பது ஊர் ஊராகப் பிரித்துக் கொடுக்கப்படுவதில்லை என்பதை இப்படி ஒரு குழந்தையின் பெயரோடு கற்றுக்கொள்வது கொடுமை.

முதலில் சொன்ன புதிருக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. இழுவை என்று திட்டிய நானூறு பக்கத்தில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? ஆக்னஸ் நை நை என்று நச்சரிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். எப்போது இந்தப் பிள்ளை வாயை மூடும் என்று எரிச்சல்பட்டோம். அந்த எரிச்சல் இல்லாமல் அவள் அமைதியாகும் இடம் இப்படி இடிக்காது. அலுப்பும் அழுகையும் ஒரே வாசகருக்கு வருவது முரண் இல்லை. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றை வாங்கியிருக்கிறோம். விலை கொஞ்சம் அதிகம் என்பதே என் புகார்.

இன்னொன்று. காவின் பின்னால் நானூறு பக்கம் அலைந்தாளே கிவ்ரின், அந்த இடத்தை முதலிலேயே பார்த்தவர் ரோஷ். அவள் வெளிச்சத்தில் தோன்றியதை மரத்தடியிலிருந்து அவர் கண்டிருக்கிறார். கடவுள் அனுப்பிய புனிதை என்று நம்பி, யாரிடமும் சொல்லாமல் கூடவே இருந்திருக்கிறார். அவள் கேட்கவேண்டிய ஆள் தினமும் பக்கத்திலேயே மண்டியிட்டுக்கொண்டிருந்தார்.

நாவலின் முதல் வரியில் டன்வொர்தி ஆய்வுக்கூடத்துக் கதவைத் திறக்கிறார், மூக்குக்கண்ணாடியில் ஆவி படிகிறது, லேட்டாகிவிட்டதா என்று கேட்கிறார். கடைசியில் அவரே, காய்ச்சல் தீராத உடம்போடு, கோலின் என்ற சிறுவனைக் கூட்டிக்கொண்டு 1348-க்குள் போய் அவளைக் கண்டுபிடிக்கிறார். நீங்கள் வருவீர்கள் என்று எனக்குத் தெரியும் என்கிறாள் கிவ்ரின். லேட்டா இல்லையா என்பதற்கு நாவல் பதில் சொல்வதில்லை. அவளைப் பொறுத்தவரை இல்லை. அந்தக் கிராமத்தைப் பொறுத்தவரை வேறு.

தம்பி புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. கேட்கவும் இல்லை நான். சில வாரம் கழித்து ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் இரவு இரண்டே முக்காலுக்கு அவரிடமிருந்து மூன்று மிஸ்டு கால். கீழே ஒரு செய்தி.

"அண்ணே, ரோஷ் அப்பவே பாத்துருக்காரு."